பத்துக் கேள்வியும் ஒரு டம்ளர் தண்ணியும்

திண்டிவனம்
13-02-2025, வியாழன்

பிரபுவுக்கு,

நேத்து நடந்தது இதுதான். விழுப்புரத்துல அந்தப் பள்ளிக்கூடத்துல போட்டிருந்த முகாமுக்கு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா பத்துக் கேள்வி கேட்டாங்க. பத்துக்கும் அப்பா பதில் சொன்னார். பாதிப்பு முப்பது சதவீதம்னு எழுதிக் குடுத்தாங்க. நாற்பது இருந்தாத்தான் அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாமாம். அதைப் பார்த்ததும் நீ வராந்தாவுல அத்தனை பேருக்கு எதிர்ல, “உன்னை யாருக்கா உள்ள போகச் சொன்னது”ன்னு கத்தினே. அப்பாவை ஆட்டோவுல ஏத்திக்கினு என்னை நடுரோட்டுல நிக்க வச்சிட்டுப் போயிட்டே. ராத்திரியிலேர்ந்து என் நம்பரையும் தடுத்து வச்சிருக்கே.

அதனால ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். வாங்காம திருப்பி அனுப்பினா மறுபடி அனுப்புவேன். மண்டியில இருக்கிறவளுக்குத் தபாலாபீஸ் நாலு கடை தள்ளித்தான்.

யார் உள்ள போகச் சொன்னதுன்னு கேட்டியே, சொல்றேன். கூட ஒருத்தர்தான் வரலாம்னாங்க. நீ ஆதார் ஜெராக்ஸை வீட்லயே விட்டுட்டு எதிர்த்த கடைக்கு ஓடினே. அதுக்குள்ள டோக்கன் முப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டாங்க. நான் அவர் பெத்த பொண்ணு. போகாம என்ன பண்ணுவேன்?

“ஐயா, நீங்களே சாப்பிடுவீங்களா?”ன்னு கேட்டாங்க. “ஓ”ன்னார். “குளிக்கிறது?” “நானேதாம்மா.” “பாத்ரூம் போறதுக்கு யாராவது பிடிச்சுக்கணுமா?” “எல்லாம் நானே பண்ணிக்கிறேன்.” “படி ஏறுவீங்களா?”ன்னதும் அப்பா சிரிச்சிட்டார். “ஐம்பது வருஷம் கொத்தனாரும்மா நான். இந்த ஊர்ல பாதிப் படி நான் கட்டினது, அதுல ஏறமாட்டேனா?” டாக்டரம்மாவும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, “வீட்லயும் இப்படித்தான் இருக்காரா?”ன்னாங்க. நான் பார்த்ததைச் சொன்னேன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன், நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், சட்டையில ஒரு கறை இருக்காதுன்னேன். நடந்து காட்டச் சொன்னாங்க. மேசையைப் பிடிச்சு எழுந்து ஆறு அடி வச்சார். நான் கை தட்டினேன். பெத்த அப்பன் நடந்தா கை தட்டக்கூடாதா?

இப்ப நான் கேட்கிறேன், நீ சொல்லு. பக்கவாதம் வந்ததும், “அப்பாவால ஒண்ணும் முடியலக்கா, ஆள் பக்கத்துலயே இருக்கணும்”னு சொல்லி மினி பஸ் ஓட்டுற வேலையை விட்டே. ஒண்ணரை வருஷம் ஆச்சு. உன் பொண்டாட்டி மெர்லின் ஸ்கூல்ல தொண்டை கிழியக் கத்தி சம்பாதிக்கிறா. நானும் கேள்வி கேட்காம மாசாமாசம் அனுப்பறேன். இப்ப டாக்டரே எழுதிட்டாங்க, எல்லாம் அவரே பண்ணிக்கிறார்னு. அப்ப ஒண்ணரை வருஷமா நீ பண்ணிக்கினு இருந்தது என்னடா?

நான் முப்பது வருஷமா மல்லாட்டை வாங்கி விக்கிறவ. ஒலக்கூர்லேர்ந்து மூட்டை வரும். எவனா இருந்தாலும் மேலாக நல்ல கடலைக் காயைப் பரப்பித்தான் கொண்டு வருவான். நான் மேலே கையே வைக்கமாட்டேன். குத்தூசியை மூட்டையோட அடிவரைக்கும் இறக்கி, அங்க இருக்கிற காயை எடுத்து உடைச்சுப் பார்த்துத்தான் விலை சொல்வேன். என்னை ஏமாத்தின ஆள் இந்த ஜில்லாவுலயே இல்ல. நீ ஒருத்தன் ஒண்ணரை வருஷம் ஏமாத்திட்டே.

இருதயசெல்வி

கடுதாசி மேல வழக்கமா போடற ‘சேசு மரி சூசை துணை’ போடல. இருக்கிற கோபத்துல அந்தப் பேரை எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன்.


விழுப்புரம்
19-02-2025

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர், “என்ன தம்பி, கோர்ட்டு நோட்டீசா?”ன்னு கேட்டார். கிட்டத்தட்ட அதுதாங்கன்னேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன், அதை நீ கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடக்கூடாது. முகாமன்னிக்குக் காலையில அப்பாவுக்கு ஷேவ் பண்ணினது நான். வெந்நீர்ல குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டினது நான். ஏன்னா போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில அப்பா முதுகுல இருந்த புண்ணைப் பார்த்துட்டு ஒரு நர்சம்மா, “பெரியவரைப் பார்க்க வீட்ல ஆள் இல்லையா?”ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. அது இன்னும் நெஞ்சுல நிக்குது. இந்தத் தடவை யாரும் அப்படிக் கேட்கக்கூடாதுன்னு நினைச்சேன். கேட்கல. முப்பது சதவீதம்னு எழுதிட்டாங்க.

அப்பாவோட கதை வேற. டாக்டர் பரீட்சை வைக்கப் போறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நாலு நாளா கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் நடந்து பழகினார். ஆறு அடி. நான் பின்னாடியே கையை நீட்டிக்கினு நடந்தேன். “எத்தனை அடிடா?”ன்னு கேட்பார், “ஆறு”ன்னா ஒரு சிரிப்பு. பரீட்சையில பாஸ் பண்ணா அட்டை கிடைக்காதுப்பான்னு நான் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. ஒண்ணரை வருஷம் கழிச்சு நடக்கிறாரேன்னு எனக்கும் ஒரு ஆசை.

நீ கை தட்டின ஆறு அடிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு? வீட்டுக்கு வந்து மூணு நாள் எழுந்துக்கல. காய்ச்சல். இடது காலை நகர்த்தினா கத்தறார். கேப்பைக் கூழை ஸ்பூன்ல ஊட்டினேன், பாதி உள்ள, பாதி கழுத்துல. அந்த மூணு நாளும் நான் உன் நம்பரைத் திறக்கல. திறந்து பேசியிருந்தா நல்ல வார்த்தை வந்திருக்காது.

ஒண்ணரை வருஷமா என்ன பண்ணினேன்னு கேட்டுட்டே. எழுத ஆரம்பிச்சா பேப்பர் பத்தாது, எழுதறதுக்கும் நல்லா இருக்காது. நீ ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றே, பதினொன்னரைக்குப் போறே. அந்த ஒண்ணரை மணி நேரத்துக்காக இந்த வீட்ல என்னென்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. நான் சொல்லவும் முடியாது. அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். என்ன ஆனாலும் செல்விகிட்ட சொல்லக்கூடாதுன்னு.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். முகாம்ல எழுதிக்கினு இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். மறுபடி பார்க்கச் சொல்லி மனு போடலாமாம். ஆனா உள்ள கூட இருந்தவங்க, “நான் சொன்ன தகவல் சரியில்லை”ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். உள்ள இருந்தது நீ. எழுதிக் குடு.

குத்தூசி இறக்கறவளாம். இருபது வருஷம் எனக்கு அம்மா மாதிரி இருந்தவகிட்ட இதுக்கு மேல எழுத வரல.

பிரபு


திண்டிவனம்
24-02-2025

பிரபுவுக்கு,

நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேன். அதைச் சரியில்லைன்னு எழுதிக் குடுக்க நான் என்ன கலப்படக்காரியா? என் கையெழுத்துக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்கு. அதைப் பொய்க்குப் போடமாட்டேன்.

நீ மூணு பக்கம் எழுதியிருக்கே, அதுல ஒரு விஷயம் உருப்படியா இல்ல. சத்தியமாம், சொல்லக்கூடாதாம். சொல்ல ஒண்ணும் இல்லாதவன்தான் இப்படிப் பேசுவான். நான் கொள்முதல் பண்ற இடத்துல தினம் பத்துப் பேர் இந்த மாதிரி பேசறான்.

முடிவைச் சொல்றேன் கேட்டுக்கோ. பொம்மையார்பாளையத்துல கடலைப் பார்த்த மாதிரி ஒரு முதியோர் இல்லம் இருக்கு. சுத்தமா இருக்கு, பக்கத்துலயே கோயில், ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கூட்டிப் போவாங்க. தானா எழுந்து, தானா குளிச்சு, தானா சாப்பிடறவங்களை மட்டும்தான் சேர்ப்பாங்களாம். என் கையிலயே தங்கிப்போன முகாம் தாளைக் காட்டினேன். பத்துக் கேள்விக்கும் பதில் பக்காவா இருக்குது, தாராளமா கூட்டிட்டு வாங்கன்னாங்க. மார்ச் பத்தாம் தேதி சேர்க்கணும். முன்பணம் கட்டிட்டேன்.

அப்பாவுக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். நீ மறுபடி ஸ்டியரிங்கைப் பிடி. நாற்பத்தாறு வயசு ஆம்பளை வீட்ல துணி துவைச்சுக்கினு இருக்கிறது போதும்.

செல்வி


விழுப்புரம்
01-03-2025, சனி

அக்காவுக்கு,

இந்தக் கடுதாசி தபால்ல வராது. அப்பாவோட மருந்துப் பையில இருக்கும். அப்பா உன் வாசல்ல கார்லேர்ந்து இறங்கினதும் பையைத் திறந்து பார்.

உன் கடுதாசியை அப்பா எதிர்ல படிச்சது என் புத்திகெட்டத்தனம். “செல்வி சொன்னா சரியாத்தான் இருக்கும்டா. நான் போறேன். நீயும் வேலைக்குப் போ”ன்னுட்டார். அன்னிக்கெல்லாம் அப்பா சுவத்தைப் பார்த்து திரும்பிப் படுத்துக்கினார். தானா திரும்ப முடியாது அவரால, நான்தான் திருப்பிவிட்டேன்.

பத்தாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கு. ஒன்பது நாளும் உன் வீட்ல வச்சுக்கோ. எல்லாம் தானே பண்ணிக்கிறவர்தானே, உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. மாத்திரை வேளையை அட்டையில எழுதியிருக்கேன். வேற எதுவும் சொல்லித் தரமாட்டேன். வாயால சொன்னதை ஒண்ணரை வருஷமா நீ நம்பல.

இதை எழுதறப்ப அவரை வச்சு உனக்குப் பாடம் நடத்தறேனோன்னு இருக்கு. ஆனா நேரா அந்த இல்லத்துக்குப் போனார்னா பத்து நாள் தாங்கமாட்டார். உன் வீட்லன்னா நீயாவது இருப்பே.

பையில பன்னிரண்டு லுங்கி இருக்கு. ஒரு ஆளுக்கு எதுக்குப் பன்னிரண்டுன்னு யோசி.

பிரபு


திண்டிவனம்
05-03-2025, சாம்பல் புதன்

பிரபு,

அப்பா நல்லா இருக்கார். அதை முதல்ல படிச்சுக்கோ. மத்ததை அப்புறம் படி.

சனிக்கிழமை மெர்லின் கொண்டாந்து விட்டப்ப அதே வெள்ளைச் சட்டை, அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காபி கொண்டாந்தேன், வேணாம்னார். மோர், வேணாம். தண்ணியாவது குடிங்கப்பான்னா, “இப்பத்தாம்மா கார்ல குடிச்சேன்”னார். சாப்பாடு போட்டேன். நான் எதிர்ல உட்கார்ந்திருந்தா கையை வைக்கல. உள்ள போயிட்டு வந்து பார்த்தா தட்டுல பாதி, மடியில பாதி. “பசியில்லம்மா”ன்னு சிரிக்கிறார். ஞாயித்துக்கிழமையும் இதே கதை. வயசானா பசி குறையும்னு நான் நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன், எழுதறதுக்கு வெட்கமா இருக்கு.

திங்கக்கிழமை காலையில மண்டிக்குப் போயிட்டு, கண்ணாடியை மறந்துட்டேன்னு பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். நாற்காலி காலி. பாத்ரூம் கதவு உள்தாழ்ப்பாள். சுவத்தோரமா தரை எல்லாம் ஈரம். “அப்பா?”ன்னேன்.

“ஒண்ணுமில்லம்மா. நீ மண்டிக்குப் போ.”

“விழுந்துட்டீங்களா?”

“சேச்சே. உட்கார்ந்திருக்கேன்.”

“கதவைத் திறங்க.”

“எல்லாம் நானே பண்ணிக்கிறேன். நீ போம்மா.”

பிரபு, டாக்டரம்மாகிட்ட சொன்னாரே, அதே வார்த்தை, அதே குரல். அதைக் கேட்டு அங்க கை தட்டினேன். இங்க தரையிலேர்ந்து வருது அந்தக் குரல். எழுந்திருக்க முடியாம, தாழ்ப்பாள் எட்டாம, எத்தனை நேரமா உட்கார்ந்திருந்தாரோ. அரை மணி நேரம் கதவைத் தட்டினேன். ஒரு தடவைகூட ‘வா’ன்னு கூப்பிடல.

எங்கிட்ட மூட்டை தூக்கற ரஞ்சித் இருக்கானே, மூணு பிள்ளைங்களுக்கு அப்பன், அவனை வரவழைச்சேன். ஜன்னல் கண்ணாடியை ஒவ்வொண்ணா உருவிட்டு உள்ள இறங்கினான். கதவைத் திறந்ததும் நான் உள்ள ஓடப் போனேன். அப்பா, “செல்வி, அந்தப் பக்கம் திரும்பி நில்லு”ன்னார். ஐம்பத்து நாலு வயசுல, என் வீட்ல, சுவத்தைப் பார்த்து நின்னேன். பின்னாடி ரஞ்சித் தண்ணி ஊத்தற சத்தம். லுங்கி மாத்தற சத்தம். அன்னிக்கு மட்டும் அஞ்சு லுங்கி. உன் பன்னிரண்டுக்குக் கணக்குக் கிடைச்சுது.

ரஞ்சித்துதான் சொன்னான், “அக்கா, பெரியவருக்கு உதடு வெடிச்சுக் கிடக்குது. தண்ணி குடுத்தா வாயை மூடிக்கிறாரு”ன்னு. ஜல்தியா ஆட்டோ வச்சு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனோம். உடம்புல தண்ணியே இல்லன்னு டிரிப் ஏத்தினார். அந்த பாட்டில் இறங்கற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஏம்ப்பா தண்ணியே குடிக்கலன்னு கேட்டேன். அப்புறம் சொன்னார்:

“தண்ணி குடிச்சா போகணும். போகணும்னா உன்னைக் கூப்பிடணும். பொம்பளப் பிள்ளையை எப்படிம்மா கூப்பிடறது?”

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

பாட்டிலைக் காட்டி, “இன்னும் எவ்வளவு நேரம்மா இது?”ன்னார்.

“நான் வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் இப்படித்தானாப்பா?”

“நீ பதினொன்னரைக்குப் போயிடுவியே. நீ போனதும் பிரபு குடுப்பான்.”

முகாமுக்கும் அப்படித்தான் போயிருக்கார், நாக்கு வறண்டுக்கினு. நான் உள்ள வந்துட்டேனே, என் எதிர்ல உண்மையை எப்படிச் சொல்வார்?

டேய், இது தெரிஞ்சுமா ஒண்ணரை வருஷம் வாயை மூடிக்கினு இருந்தே? சத்தியமாம் சத்தியம்! ஒரு வார்த்தை, “ஞாயித்துக்கிழமை வராதே, புதன்கிழமை சொல்லாம வா”ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. மூட்டை மேல நல்ல காயைப் பரப்பினது அப்பா. அது கலையாம பார்த்துக்கினது நீ. அதைப் பார்த்து விலை சொன்னது நான், அடியில குத்தூசி இறக்காம விலையே சொல்லமாட்டேன்னு பீத்திக்கிறவ. டாக்டரம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்ல. காட்டினதைத்தானே அவங்க எழுதுவாங்க.

நேத்து சாயங்காலம் அந்தப் பத்துக் கேள்வியை எடுத்து வச்சுக்கினு நானும் ரஞ்சித்தும் பதில் எழுதினோம். படி ஏறுவாரான்னு இருக்கிற இடத்துல ரஞ்சித் என் மூஞ்சியைப் பார்த்தான். என் வீட்டு வாசப்படி ரெண்டு. அவன்தான் அப்பாவை அதுல தூக்கி இறக்கினான். தலை வாரிக்கிறது ஒண்ணுதான் அவரே பண்றார். அதுக்கும் சீப்பை யாராவது எடுத்துக் குடுக்கணும்.

உள்ள நான் சொன்ன தகவல் சரியில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். மூணு காப்பி. இல்லத்துக்கும் போன் பண்ணி வேணாம்னுட்டேன்.

இன்னிக்குக் கோயில்லேர்ந்து ரஞ்சித் மூலமா சாம்பல் வாங்கியாந்து அப்பா நெத்தியில வச்சேன். “நாளைக்கு பிரபு வருவானா?”ன்னார். வந்து கூட்டிக்கினு போ. போனைத் திற.

செல்வி


விழுப்புரம்
12-03-2025

அக்காவுக்கு,

அப்பாவைக் கூட்டிக்கினு வந்தப்ப உன்கிட்ட நான் பேசல. பேசியிருந்தா அவர் எதிர்லயே சண்டை ஆகியிருக்கும். உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். படிக்கப் படிக்கக் கோபம் போகும்னு பார்த்தேன், போகல.

சத்தியத்தை ஏன் காப்பாத்தினேன்னு கேட்கறே. அவர்கிட்ட மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான். உடம்பு என் கையில இருக்கு. குளியல், சாப்பாடு, மத்தது, எல்லாமே என் கையில. ‘செல்விக்கு மட்டும் தெரிய வேணாம்’னு கேட்டார். அதைக்கூட நான் குடுக்கக்கூடாதா?

நீயும் ஒண்ணை யோசிச்சுப் பார். ஒண்ணரை வருஷமா வாராவாரம் வந்தே. “அப்பா சாப்பிட்டாரா”ன்னு கேட்டே. நீ சாப்பிட்டியாடான்னு ஒரு நாள் கேட்டியா? பணம் அனுப்பினே, இல்லன்னு சொல்லல. ஆனா வேலையில்லாதவன்னு எழுதிட்டே. காலையில நாலரைக்கு ஆரம்பிக்குதுக்கா என் டூட்டி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மனுவை வாங்கிக்கினாங்க. ஏப்ரல் ரெண்டாம் தேதி, புதன்கிழமை மறுபடி பார்ப்பாங்க. இப்ப புது பேஜாரு. அப்பா வரமாட்டேங்கிறார். “ஒரு தடவை பாஸ் பண்ணிட்டேன். இப்ப மறுபடி போய் ஃபெயிலாகணுமா?”ன்னு கேட்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். மெர்லின் அழுதுகூடப் பார்த்தா. தூக்கிக்கினு போயிடலாம், ஆனா டாக்டரம்மா கேட்டா மறுபடியும் ‘எல்லாம் நானே’ன்னுதான் சொல்வார்.

பேரம் பேசறது உன் தொழில். வந்து பேசு. ஞாயித்துக்கிழமை வராதே.

பிரபு


சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
21-03-2025, வெள்ளி

அன்புள்ள தம்பி பிரபுவுக்கும் மெர்லினுக்கும்,

புதன்கிழமை சொல்லாம வந்தேன். அப்பா ஷேவ் பண்ணாம, பழைய பனியனோட, வாயில கூழ் ஒழுக உட்கார்ந்திருந்ததை முதல் தடவையா பார்த்தேன். என்னைப் பார்த்ததும் துண்டால மூஞ்சியை மூடிக்கினார். நீ கையில ஸ்பூனோட நின்னே. நீ மெலிஞ்சிருக்கேடா. அதை அங்கயே சொல்லியிருக்கணும். இப்ப எழுதறேன்: சாப்பிட்டியா?

உங்க ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிட்டு அரை மணி நேரம் என்ன பேசினோம்னு வாசல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கினு கேட்டே. எழுதறேன்னு வந்துட்டேன். பேசினதைவிட கத்தினதுதான் அதிகம், உனக்கும் கேட்டிருக்கும்.

“எனக்குத் தெரியக்கூடாதுன்னு நாக்கு வறண்டு சாவீங்களா?”ன்னு கத்தினேன். “என் உடம்பு, என் இஷ்டம்”னார். “உங்க இஷ்டத்துக்கு அவன் ஒண்ணரை வருஷமா பஸ் ஓட்டல”ன்னேன். “அதுக்குத்தான் அந்தக் கடலோர இல்லத்துக்குப் போறேன்னேன், நீதான் வேணாம்னுட்டே”ன்னார். எண்பதை நெருங்கற கிழவர்கிட்ட வாயால ஜெயிக்க முடியாதுடா. அப்புறம் டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்ல என்ன வேணும், கேளுங்கன்னேன். சொல்ல வாய் வரல அவருக்கு.

அப்பதான் எனக்கு அது தோணிச்சு. நான் மண்டிக்கு வந்த புதுசுல விலையை வாயால சொல்லமாட்டாங்க. துண்டைப் போட்டு, அடியில கையைப் பிடிச்சு, விரலாலதான் பேசுவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. அப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து எங்க ரெண்டு பேர் கை மேலயும் போட்டேன். நல்லா இருக்கிற வலது கையைப் பிடிச்சுக்கினேன். “சொல்லுங்க கொத்தனாரே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரபு தூக்கணும்?” என் விரலை அழுத்தினார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினே போனேன். பதினொண்ணுல நின்னுது. நான் அவர் மூஞ்சியைப் பார்க்கல, அவரும் என்னைப் பார்க்கல. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு எண்தான். மத்த கேள்விக்கு நான் போகல. அது போதும்.

அப்புறம் பேரம் ஆரம்பிச்சுது. ரெண்டாம் தேதி வருவார். உள்ள நீதான் போகணும், நான் ஜெராக்ஸ் கடையில நிக்கணும். பத்துக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்வார். உள்ள என்ன சொன்னார்னு நான் கேட்கக்கூடாது, நீயும் என்னிக்கும் சொல்லக்கூடாது. அதுக்கு ஒத்துக்கினேன். நாலு நாள் தாடியோட வாங்கன்னேன், முடியாதுன்னார். ரெண்டு நாள் தாடிக்கு முடிஞ்சுது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மட்டும் விடமாட்டார். அதுல நானும் இறங்கல, அவரும் இறங்கல. கடைசியில விட்டுக் குடுத்தேன். போட்டுக்கினு வரட்டும்.

உனக்கும் எனக்கும் உள்ளதை நானே முடிவு பண்ணிட்டேன், மறுக்காதே. ரஞ்சித்தோட மச்சான் ஆனந்தராஜ் விழுப்புரத்துலதான் இருக்கான். ஆஸ்பத்திரியில ஆள் தூக்கிப் பழக்கம். ரஞ்சித்கிட்ட வெட்கப்படாத அப்பா இவன்கிட்டயும் வெட்கப்படமாட்டார். நாலரை மணி வேலை நீயே பார்த்துக்கோ, அதை அப்பா வேற யாருக்கும் விடமாட்டார். ஆறிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஆனந்தராஜ் வருவான். அவன் சம்பளம் என் பொறுப்பு. காலை டிரிப் ரெண்டு நீ ஓட்டு. நான் எழுதினதுல ‘துணி துவைச்சுக்கினு’ன்னு ஒரு வரி இருக்கு. அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடு.

கோபம் எனக்கும் போகல. அப்பா மேலயும் இருக்கு, உன் மேலயும். என் மேல இருக்கிறதைப் பத்தி எழுதல. நம்பரைத் திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி, தபாலாபீஸ் நாலு கடை தள்ளித்தான்.

உன் அக்கா
இருதயசெல்வி

பி.கு. ஞாயித்துக்கிழமை பேரத்தை எழுத விட்டுட்டேன். இனிமே நான் வந்தா என் கண் எதிர்ல ஒரு டம்ளர் தண்ணி, முழுசா, குடிப்பார். குடிச்சு வச்ச நிமிஷத்துலேர்ந்து நான் எத்தனை நேரம் அங்க இருக்கலாம்னு கணக்கு. நான் ஒண்ணரை மணி நேரம் கேட்டேன். அப்பா கால் மணி நேரத்துல நின்னார். துண்டுக்கு அடியில ரொம்ப நேரம் இழுத்துக்கினு போச்சு. ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம்னு முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நான் அந்த வீட்ல இருக்கக்கூடாது.